ஸ்மாஷ் எங்கிருந்து கிளம்புது? ஒரு வாய்ஸ் நோட்டும் என் முதுகுல இருக்கிற பள்ளமும்

இன்னைக்கு எபிசோடுல கோடிங் இல்ல, ஏஐ இல்ல, சம்பளப் பேச்சும் இல்ல. வாலிபால்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். பிளஸ் டூ படிக்கிறான். "அண்ணா, நீங்க காலேஜ் டீம்ல ஷாட் பிளேயரா இருந்தீங்களாமே. எனக்கு ஷாட்ல வெயிட்டே இல்லண்ணா. பந்து உள்ளதான் விழுது, ஆனா ஈசியா எடுத்துடறாங்க. ரெண்டு மாசமா டம்பெல் தூக்கறேன், தோளுக்கு மட்டும் தினமும் அரை மணி நேரம். இன்னும் என்ன எக்சர்சைஸ் பண்ணணும்?" கேட்டு முடிச்சிட்டு, போற போக்குல ஒண்ணு சொன்னான்: "சோத்துக்கை தோள் மட்டும் சீக்கிரம் ஓஞ்சு போவுதுண்ணா. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குத் திக்குனு இருந்துச்சு. ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல அவன் கேட்ட கேள்வி.

ஊர் எதுன்னு தெரியாதவங்களுக்கு: கண்டாச்சிபுரம். விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினா காணை, கேதார் தாண்டி வரும். அங்க யாரும் 'ஸ்பைக்'னு சொல்லமாட்டாங்க. ஸ்மாஷ், இல்லன்னா வெறும் ஷாட். நோட்டீஸ்ல 'மாபெரும் மின்னொளி கைப்பந்து போட்டி'ன்னு அடிப்போம், வாயில மட்டும் வாலிபால்தான் வரும். அதனால நானும் ஸ்மாஷ்னே சொல்லிட்டுப் போறேன்.

நாங்க எல்லாருமே ஸ்மாஷ்னா கை வேலைன்னுதான் நினைச்சு வளர்ந்தோம். நல்லா அடிக்கிறவனைப் பாத்தா "என்னா கைடா!"ன்னுதான் சொல்லுவோம். பந்தைத் தொடறது கை, சத்தம் கேக்கறதும் கையில. ஆனா அந்த வேகம் கையில பிறக்கறது இல்ல. அது தரையில பிறந்து, கால், இடுப்பு, வயிறு, முதுகு, தோள்னு ஒவ்வொரு ஸ்டேஷனா ஏறிக் கடைசியாதான் உள்ளங்கைக்கு வந்து சேருது. நடுவுல எந்த ஸ்டேஷன் சரியா வேலை செய்யலையோ, அந்தக் கடனைக் கட்டறது தோள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பந்தோட எடை 260-ல இருந்து 280 கிராம். நல்லா அடிக்கிற ஒருத்தர் அதை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல அனுப்புறார்னு வைங்க, அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர். கை பந்தைத் தொட்டுட்டிருக்கிற நேரம் ஒரு செகண்டுல நூறுல ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள்ள சராசரியா 75 கிலோ எடைக்குச் சமமான விசை உள்ளங்கையில இறங்குது, தோராயமா ஒரு ஆளோட கனம். இதைத் தோளைச் சுத்தி இருக்கிற சதை மட்டும் தனியா உருவாக்கணும்னா அது நடக்கிற காரியம் இல்ல.

அதனால காலுல இருந்து ஆரம்பிப்போம். வலது கைக்காரங்க கணக்குல சொல்றேன், இடது கைக்காரங்க மாத்திக்கோங்க. கடைசி மூணு அடி: இடது, வலது, இடது. முதல் அடி சின்னது. ரெண்டாவது நீளமா, குதிகால் முதல்ல பதியற மாதிரி. மூணாவது சட்டுனு பக்கத்துல வந்து சேரும். நீளமான அடி பதியும்போது ரெண்டு கையும் பின்னாடி போயிருக்கணும். ஓடி வந்த வேகம் வலைக்கு நேரா முன்னாடி போற வேகம். அதுக்கு பிரேக் போட்டு மேல் நோக்கித் திருப்புறதுதான் இந்த ரெண்டு அடியோட வேலை. இடுப்பும் முழங்காலும் மடங்குது, தொடை முன்சதை இழுபட்டு விறைக்குது, குதிகாலுக்கு மேல இருக்கிற தடிச்ச நாண் ரப்பர் மாதிரி இழுபடுது. உடனே எல்லாம் திரும்பி விரியுது. முதல்ல இடுப்பு: பிட்டத்துல இருக்கிற பெரிய தசையும் தொடையோட பின்சதையும். அடுத்து முழங்கால்: தொடை முன்சதை. கடைசியா கணுக்கால்: கெண்டைக்கால் சதை.

"உடனே"ங்கிற வார்த்தை முக்கியம். உண்டிவில்லை இழுத்துப் பிடிச்சா ரப்பர் காத்துக்கிட்டே இருக்கும். சதை காத்திருக்காது. கீழ உட்கார்ந்து ஒரு கணம் நின்னுட்டுக் குதிச்சா, இழுபட்டதுல சேர்ந்த சக்தி சூடா மாறிப் போயிடும். அந்தப் பையன்கிட்ட வீடியோ கேட்டு வாங்கினேன். ஓடி வர்றான், வலைக்கு முன்னாடி வந்து நிக்கிறான், பந்தைப் பாக்கறான், அப்புறம் குதிக்கிறான். ஓடி வந்ததே வீண்.

கை வீச்சும் குதிக்கிறதுல ஒரு பங்காளி. வீட்டுச் சுவத்துல பாத்துக்கலாம். விரல்ல சாக்பீஸ் தூள் தடவி, ஒரு கையை முன்னாடியே மேல தூக்கி வெச்சுக்கிட்டு, வீசாம குதிச்சு ஒரு கோடு போடுங்க. அடுத்தது ரெண்டு கையையும் நல்லா வீசிக் குதிச்சு இன்னொரு கோடு. நடுவுல இருக்கிற இடைவெளிதான் உங்க கை வீச்சோட சம்பளம். எங்கம்மாகிட்ட இதுக்கு நான் வாங்கின திட்டுக்கு நான் பொறுப்பு, உங்க வீட்டுத் திட்டுக்கு நீங்க பொறுப்பு.

ஏறின தசைதான் இறங்கும்போதும் வேலை செய்யுது, தலைகீழா. அப்போ நீண்டுக்கிட்டே தாங்கணும். 60 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து இறங்கறோம், முழங்காலையும் இடுப்பையும் மடக்கி உடம்பை இன்னொரு 30 சென்டிமீட்டர் தாழ்த்தி நிறுத்தறோம்னா, கால் தாங்குற சராசரி விசை உடம்பு எடையைப் போல மூணு மடங்கு. விறைப்பா இறங்கி 10 சென்டிமீட்டர்லயே நிறுத்தினா ஏழு மடங்கு. 65 கிலோ பையனுக்கு அது 455 கிலோ. எங்க ஊர் கிரவுண்டு சித்திரை மாசத்துல காஞ்ச செம்மண் தரை, சிமெண்ட்டுக்கு ஒண்ணும் குறைவில்ல. முழங்கால் சில்லுக்குக் கீழ குத்தற வலி வாலிபால் ஆடறவங்களுக்கு ஏன் அதிகம்னு இந்தக் கணக்கே சொல்லிடும். நார்வேயோட முன்னணி ஆட்டக்காரங்ககிட்ட நடத்தி 2005-ல வெளியான ஆய்வுல, வாலிபால் வீரர்கள்ல 45 சதவீதம் பேருக்கு அந்த வலி இருந்துச்சு. ஆய்வுல வந்த விளையாட்டுகள்ல அதுதான் முதல் இடம். ரெண்டு காலுலயும் இறங்குங்க, சத்தம் வராம இறங்குங்க. கால் கதையை இதோட விட்டுடறேன், தோளுக்கு நேரம் வேணும்.

இப்ப காத்துல இருக்கோம். 60 சென்டிமீட்டர் குதிச்சா மொத்தமே 0.7 செகண்டு. அதுல கிட்டத்தட்ட அரை செகண்டு உயரத்தோட மேல் பாதியிலயே கழியும். மேல போகப் போக வேகம் குறையறதால அப்படி. "காத்துல நின்னு அடிச்சாருடா"ன்னு சொல்றோமே, அந்த நிக்கறது இதுதான். இந்தியாவுல இந்தப் பேச்சை எடுத்தா ஜிம்மி ஜார்ஜ் பேர் வராம இருக்காது. கண்ணூர் மாவட்டம் பேராவூர்க்காரர், 1976-ல 21 வயசுல அர்ஜுனா விருது, இத்தாலியில தொழில்முறை ஆட்டக்காரர். 1986 சியோல் ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கின நம்ம அணியில இருந்தார். அடுத்த வருஷமே இத்தாலியில கார் விபத்துல போயிட்டார். அவர் ஆட்டத்தைப் பாத்த பெரியவங்க எல்லாரும் அவர் மேல நின்னதாத்தான் சொல்லுவாங்க. ஈர்ப்பு விசை யாருக்கும் சலுகை தராது. ஆனா சரியான கணத்துல குதிச்சு, மேல் பாதியில இருக்கிற அந்த அரை செகண்டை முழுசா அடிக்கறதுக்குன்னே பயன்படுத்தறவங்களைப் பாத்தா நமக்கு அப்படித்தான் தோணும்.

காத்துல ஒரு சிக்கல் இருக்கு. உதைச்சுத் தள்ளத் தரை இல்ல. ஆபீஸ்ல சுத்தற நாற்காலி இருக்குல்ல, அதுல உட்கார்ந்து ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு மேல் உடம்பை மட்டும் சட்டுனு இடது பக்கம் திருப்பிப் பாருங்க. நாற்காலி வலது பக்கம் திரும்பும். காத்துலயும் அதே கதைதான். மேல் உடம்பு முன்னாடி வேகமா மடங்கணும்னா, கீழ் உடம்பு எதிர்ப் பக்கத்துல இருந்து வந்து அதைச் சந்திக்கணும். அதனாலதான் நல்ல அடிக்காரங்க காத்துல வில் மாதிரி வளையறாங்க. மார்பு முன்னாடி, முழங்கால் மடங்கிக் கால் பின்னாடி, அடிக்கிற முழங்கை காதுக்கு மேல பின்னாடி. அழகுக்காக இல்ல, எதிர்ப்பக்கம் எடை தயாரா இருக்கணும்கிறதுக்காக.

வில் வளையும்போது முதுகுத் தண்டை ஒட்டி ஓடற நீளமான தசைகள் இறுகுது, வயித்துத் தசைகள் இழுபடுது. விடும்போது வயிறு சுருங்குது. நேரா மடங்கறது மட்டும் இல்ல, திரும்பவும் செய்யுது. வலது தோள் முன்னாடி வர, வலது விலாவுல இருக்கிற வெளிப்பக்கச் சாய்தசையும் இடது பக்க உள்சாய்தசையும் சேர்ந்து இழுக்குது. ஸ்கூல் பேக்கைக் குறுக்கால மாட்டினா வார் எப்படிப் போகும், அந்தக் கோட்டுல. இதுக்குக் கூட்டாளி இடது கை. மேல நீட்டியிருந்த இடது கையை வயித்துப் பக்கம் மடக்கிக் கீழ இழுத்தா, வலது தோள் தானா முன்னாடி வரும். நம்ம பையனோட வீடியோவுல இடது கை கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி தொங்கிட்டிருந்துச்சு.

இப்போ தோள்.

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணம், பந்து உள்ள போய் நல்லா உட்கார்ந்திருக்கும். தோள் மூட்டுல கிண்ணமே கிடையாது, ஒரு சின்னத் தட்டு. ஸ்கூல்ல லெமன் அண்ட் ஸ்பூன் ஓடியிருப்பீங்க. கரண்டி மேல எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் தோள் மூட்டு. அதனாலதான் கையை எந்தப் பக்கமும் சுத்த முடியுது. பழம் கீழ விழாம இருக்கிறதுக்குக் காரணம், சுத்தி நின்னு பிடிச்சுக்கிட்டிருக்கிற நாலு சின்னத் தசைகள். ரொட்டேட்டர் கஃப்னு சொல்லுவாங்க. தோள்ல மேல உருண்டையா தெரியுதே, டம்பெல் தூக்கினா வீங்குமே, அது டெல்டாய்டு, இந்த நாலுல சேராது. இந்த நாலும் கண்ணாடியில தெரியாது, அதனால யாரும் கவனிக்கறதும் இல்ல.

அந்தக் கரண்டியே நகரும்கிறது இன்னொரு விஷயம். தோள்பட்டை எலும்பு, அதான் முதுகுல முக்கோணமா இருக்கிற பட்டை எலும்பு, விலா மேல வழுக்கிக்கிட்டே திரும்பும். கை தலைக்கு மேல போற கோணத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இந்தத் திரும்பல்தான். அதைத் திருப்புறது கழுத்துல இருந்து முதுகு வரைக்கும் விரியற டிரபீசியஸும், விலா எலும்புகள்ல ரம்பப் பல்லு மாதிரி ஒட்டியிருக்கிற செரேட்டஸும். இதுங்க சோம்பேறியா இருந்தா எலுமிச்சம்பழம் கரண்டி விளிம்புல நிக்கும். அந்த நிலைமையில பந்தை அடிச்சா மேல இருக்கிற தசைநாண் நசுங்கும்.

கை பின்னாடி போய் முறுக்கிக்கிட்டு நிக்கும்போது மார்புத் தசை இழுபடுது, அக்குளுக்கு உள்ள இருக்கிற சப்ஸ்கேப்புலாரிசும் இழுபடுது. அடிக்கிற கணத்துல இந்த ரெண்டும், முதுகுல இருந்து வர்ற பெரிய லாட்டிசிமஸும் சேர்ந்து மேற்கையை முன்னாடி இழுத்து உள் பக்கமா முறுக்குது. மேற்கையோட பின்பக்கத் தசை முழங்கையை நீட்டுது. கடைசியா மணிக்கட்டு பந்து மேல மடங்குது. அந்த மடங்கல்ல வேகம் கொஞ்சம்தான் கூடும், பந்துக்கு முன்சுழற்சி தந்து கோட்டுக்குள்ள இறக்கறதுதான் அதோட முக்கிய வேலை. இவ்வளவும் கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடுது.

பந்து போயிடுச்சு. ஆனா கை இன்னும் அதே வேகத்துல போயிட்டிருக்கு. அதை யார் நிறுத்தறது?

ஆட்டத்தைப் பத்திப் பேசறவங்க இந்த இடத்துல பேச்சை முடிச்சிடுவாங்க, என் கதை இங்கதான் ஆரம்பிக்குது. கிரிக்கெட்ல பவுலர் பந்தை விட்டதும் இன்னும் நாலு அடி ஓடிப் போவார், உடம்பு முழுக்கப் பிரேக்கைப் பகிர்ந்துக்கும். ஸ்மாஷ் அடிக்கிறவன் காத்துல இருக்கான். முன்னாடி 2.43 மீட்டர் உயரத்துக்கு வலை, கை பட்டா ஃபவுல். குறைஞ்ச இடத்துல நிறுத்தியாகணும். அந்த வேலை தோளோட பின்பக்கத்துல இருக்கிற தசைகளுக்கு: டெல்டாய்டோட பின் பகுதி, டெரஸ் மைனர், அப்புறம் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். ரெண்டாவதும் மூணாவதும் அந்த நாலு கஃப் தசைகள்ல ரெண்டு. முன்னாடி இழுக்கிற மார்புத் தசையும் லாட்டிசிமஸும் உள்ளங்கை விரிச்ச அளவுக்கு மேல. பின்னாடி பிரேக் பிடிக்கிறது ரெண்டு விரல் அகலம், மூணு விரல் அகலம். லாரி இன்ஜினுக்கு சைக்கிள் பிரேக் கட்டைன்னு வைங்க.

இன்ஃப்ராஸ்பைனேட்டஸுக்குக் கரண்ட் கொண்டு வர்ற நரம்பு ஒண்ணே ஒண்ணு. கழுத்துல இருந்து கிளம்பி, தோள்பட்டை எலும்போட மேல் விளிம்புல ஒரு சந்துக்குள்ள நுழைஞ்சு, அப்புறம் அந்த எலும்புல குறுக்க ஓடற மேட்டோட ஓரத்துல சட்டுனு வளைஞ்சு கீழ இறங்குது. அந்த மேட்டைக் கையால தடவினாலே தெரியும். போன் சார்ஜர் ஒயர் எங்க அறுந்து போகும்? பின்னுக்குப் பக்கத்துல, கழுத்துல. மடங்கி மடங்கி நிமிர்ற இடத்துல. இங்கயும் அதேதான். ஒவ்வொரு அடிக்கும் அந்த வளைவுல நரம்பு இழுபடுது. வாரம் அஞ்சு நாள் பயிற்சி, நாளுக்கு நூறு அடின்னாலும் வருஷத்துக்கு 25,000 தடவை.

இதை முதல்ல கவனிச்சு எழுதினவங்க இத்தாலி எலும்பு மருத்துவர்கள். ஆண்ட்ரியா ஃபெரெட்டியும் அவரோட கூட்டாளிகளும் 1987-ல வெளியிட்ட கட்டுரை. பெரிய அளவுல ஆடற வாலிபால் வீரர்கள்ல சிலருக்கு, அடிக்கிற கைப் பக்கம் தோள்பட்டை எலும்பு மேல சதை வத்திப் பள்ளம் விழுந்திருந்துச்சு. அவங்க ஆடிக்கிட்டுதான் இருந்தாங்க, வலி இல்ல. அந்த வளைவு தாண்டிப் போற நரம்புல பெரும்பாலும் தசையை இயக்கற இழைகள்தான் இருக்கு, வலியைச் சொல்ற இழைகள் அதுக்கு முன்னாடியே பிரிஞ்சுடுது. அதனால அலாரமே அடிக்காது. பின்னாடி வந்த சில ஆய்வுகள்ல, முன்னணி வீரர்கள்ல நாலுல ஒருத்தருக்கு இந்த நரம்புப் பாதிப்பு இருந்துச்சு. ஸ்மாஷ் மட்டும் இல்ல, கையைத் திடீர்னு நிறுத்தி அடிக்கிற ஃப்ளோட் சர்வ் மேலயும் சந்தேகம் உண்டு.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், தீபாவளிக் காலையில எங்கம்மா முதுகுல எண்ணெய் தேச்சுக்கிட்டே கேட்டாங்க: "ஏன்டா, இந்தப் பக்கம் குழியா இருக்கு? அந்தப் பக்கம் இல்லையே?" நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். காலேஜ்ல நாலு வருஷம், அப்புறம் ஊர் டீம், ஆபீஸ் டீம். தோள் சீக்கிரம் ஓஞ்சு போறது ஒரு வருஷமாவே இருந்துச்சு. வலி இல்லாததால அதை நான் ஒரு பிரச்சினையாவே எடுத்துக்கல. ஜிம்ல கேட்டேன், "ஷோல்டர் வீக்கா இருக்கு ப்ரோ, பிரஸ் வெயிட்டை ஏத்துங்க"ன்னாங்க. ஆறு மாசம் ஏத்தினேன். முன்பக்கம் நல்லா ஏறுச்சு. இன்ஜினைப் பெருசாக்கிட்டேன், பிரேக் போய்க்கிட்டே இருந்துச்சு. அம்மா விடல. பொங்கலுக்குப் போனப்ப மறுபடியும் தொட்டுப் பாத்துட்டு, "டாக்டரைப் பாத்தாதான் சோறு"ன்னுட்டாங்க.

ஸ்கேன் எடுத்தாங்க, சில பேருக்கு அந்த இடத்துல நீர்க்கட்டி வந்து நரம்பை அழுத்தும், அது இருக்கான்னு பாக்க. எனக்குக் கட்டி இல்ல. அப்புறம் ஊசி குத்தித் தசையில கரண்ட் ஓடறதைப் பாக்கற சோதனை. இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் பாதிக்கு மேல போயிருந்துச்சு. இப்ப பயிற்சியில பலம் ஓரளவுக்குத் திரும்பியிருக்கு, பக்கத்துல இருக்கிற டெரஸ் மைனர் கூடுதல் டியூட்டி பாக்குது. பள்ளம் அப்படியேதான் இருக்கு. ஸ்மாஷ் அடிக்கிறதை விட்டுட்டேன், ஊருக்குப் போனா லிஃப்டரா நிக்கிறேன். பரவாயில்லன்னு சொல்லணும்னு ஆசைதான். பரவாயில்லாம இல்ல.

அதனால அந்தப் பையன்கிட்ட மூணு வேலை சொன்னேன். சட்டையைக் கழட்டிட்டு, பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி நின்னு, முதுகைப் படம் எடுக்கச் சொல்லு, ரெண்டு தோள்பட்டையும் ஒரே மாதிரி இருக்கா பாரு. அடுத்தது, நிலைப்படி ஓரமா நின்னு முழங்கையை விலாவோட ஒட்டி மடக்கி, புறங்கையால நிலையை வெளிப்பக்கமா பத்து செகண்டு தள்ளு, ரெண்டு கையிலயும் செஞ்சு பாத்து வித்தியாசத்தைச் சொல்லு. மூணாவது, டம்பெல்லை ஓரமா வெச்சுட்டு, பஞ்சர் கடையில பழைய சைக்கிள் டியூப் வாங்கி ஜன்னல் கம்பியில கட்டு. முழங்கை விலாவோட ஒட்டினபடியே டியூபை வெளிப்பக்கமா இழுத்து, மெதுவா, நாலு எண்ணி, திரும்ப விடு. பிரேக் தசைக்கு அந்தத் திரும்ப விடறதுதான் பயிற்சி. கூடவே தண்டால், மேல வந்த பிறகும் முதுகை இன்னும் ஒரு இன்ச் மேல தள்ளணும், அது செரேட்டஸுக்கு. அப்புறம் நிக்காம குதி, இடது கையைத் தூக்கு. "வெயிட்டு அதுல வரும்டா, தோள்ல தேடாத"ன்னேன்.

படம் வந்துச்சு, பள்ளம் இல்ல. ஆனா நிலைப்படியில வலது கை அஞ்சு செகண்டுலயே தளர்ந்துடுதாம். இடது கை பத்தும் தாங்குதாம். வர்ற சனிக்கிழமை அவங்க அப்பாவோட விழுப்புரத்துல ஒரு டாக்டரைப் பாக்கப் போறான். பொங்கல் டோர்னமெண்ட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அவனை அடிக்க விடாதீங்க, லிஃப்டரா ஆடட்டும்னு டீமைப் பாத்துக்கற அண்ணன்கிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அது தெரிஞ்சதுல இருந்து பையன் என் மெசேஜுக்குப் பதில் போடறது இல்ல. புளூ டிக் மட்டும் வருது.